என் தங்கையின் அகலம் குறித்து

இருங்காட்டுக்கோட்டை,
12.8.2006

மஸ்கட்டில் வேலைபார்க்கும் மதிப்பிற்குரிய நம்பிராஜன் அவர்களுக்கு, பெண்ணின் அண்ணன் இசக்கிபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. மாப்பிள்ளை என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் தங்கள் தாயார் இன்னும் சம்மதம் சொல்லாததால் பேரோடு நிறுத்திக்கொள்கிறேன். இங்கு நானும் தங்கை செல்வலட்சுமியும் நலம். தங்கையின் நலம் என்பது பருத்தும் இல்லை, மெலிந்தும் இல்லை, ஜாதகத்துடன் அனுப்பிய போட்டோவில் இருக்கும் அதே அளவு. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். மின்னஞ்சலில் தமிழ் அடித்தால் அங்கே கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று தாங்கள் சொன்னதால் கையாலேயே எழுதுகிறேன்.

போட்டோவை ஸ்டுடியோக்காரன் திருத்திவிடுவான், பெண் நடந்து பேசுகிற படம் வேண்டும் என்று தாயார் கோமதியம்மாள் கேட்டது நியாயம்தான். நான் கார் சீட் கம்பெனியில் குவாலிட்டியில் இருப்பவன், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். கூட வேலைபார்க்கும் ஒருவரின் கேமராவை இரவல் வாங்கி, தங்கைக்கு வார லீவு கிடைத்த அன்று குன்றத்தூர் மலைக்கோயில் அடிவாரத்தில் வைத்து எடுத்தேன். அவள் நடந்தாள், வணக்கம் சொன்னாள், செல்போன் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருப்பதைச் சொன்னாள். அதுவரை ஒரு குறையும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பரசுராமன் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இந்த சைஸில் அனுப்பினால் படம் போய்ச் சேருவதற்குள் தாங்களே காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு வந்துவிடுவீர்கள் என்றார். படத்தைச் சுருக்க ஓர் இலவச புரோகிராம் இருக்கிறதாம். அதில் பட்டன் கிடையாது, மௌஸ் வேலை செய்யாது, கறுப்புத் திரையில் கட்டளையை ஒரே வரியாக அடிக்க வேண்டும், ஓர் எழுத்து தப்பினாலும் ஆங்கிலத்தில் திட்டும். திட்டாவிட்டால் எல்லாம் சரியாக நடந்தது என்று நான் நினைத்ததுதான் இத்தனைக்கும் காரணம்.

முதலில் அனுப்பியதில் தங்களுக்குக் குரல் மட்டும் கேட்டது, திரை இருட்டு. நான் சுருக்கிய முறை தங்கள் கம்ப்யூட்டருக்குப் புரியாத முறை என்று பரசுராமன் சொல்ல, வேறு முறையில் சுருக்கி அனுப்பினேன். இப்போது படம் வந்தது, குரல் பின்தங்கிவிட்டது. கேமராவுக்குப் பின்னால் நின்று "துப்பட்டாவ ஒழுங்காப் போடுட்டி, மூதி" என்று நான் சொன்னது, அவள் கைகூப்பி வாய் திறக்கிற இடத்தில் போய் விழுந்தது. பெண்ணுக்குத் தொண்டைக்கு ஏதும் வைத்தியம் பார்க்கிறீர்களா என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். அந்தக் குரல் என்னுடையது.

அதைச் சரிசெய்ய, இணையத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் படத்துக்கு எழுதிவைத்திருந்த நீளமான கட்டளையை அப்படியே பார்த்து அடித்தேன். குரல் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதைக் கவனிக்காமல் சிடி போட்டு, நாங்குநேரிக்குத் தங்கள் தாயாருக்கும் கூரியர் செய்துவிட்டேன். வெள்ளைக்காரருடையது அகலத்திரைப் படம், நம்முடையது சாதாரண டிவி அளவு. அவருடைய கட்டளை நம் படத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிட்டது. தாயார் எங்கள் அப்பாவுக்குப் போன் செய்து, பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள், தங்கள் வீட்டு வாசல்தான் கொஞ்சம் குறுகல் என்று சொன்னார்களாம். இதைத் தங்கையிடம் சொன்னபோது, அவள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் கேட்டிலேயே நின்று, "நீ கறுப்பு ஸ்கிரீன்ல என்னத்தையோ அடிப்ப, நான் குண்டாவேனா?" என்றாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

பதறிப்போய் அகலத்துக்கும் உயரத்துக்கும் உண்டான எண்களை மாற்றி அடித்தேன், அது மறுபக்கம் போய்விட்டது. "இன்னா சார், பொண்ண இப்டி இஸ்து வுட்டுக்கினு கீற, கோபுரமே செல்போன் டவராட்டம் கீது" என்று பரசுராமன் சொல்வதற்குள் இரண்டாவது சிடியும் கூரியரில் போயிருந்தது. தாயார் மறுபடி போன் செய்து, நன்றாக இருந்த பிள்ளை ஒரு வாரத்தில் இப்படி வற்றிப்போயிருக்கிறதே, என்ன சீக்கு, மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்கள். மறைக்க ஒன்றுமில்லை என்று அப்பா சொன்னது அவர்களுக்கு நம்பிக்கை தரவில்லை போலிருக்கிறது. வள்ளியூரில் வேறு பெண் பார்க்கப் போவதாகக் கேள்வி.

இத்துடன் வைத்திருக்கும் சிடிதான் சரியானது. என்னை நம்ப வேண்டாம். தங்கைக்குப் பின்னால் ஒரு வேன் நிற்கும், அதன் சக்கரத்தைப் பாருங்கள். முதல் சிடியில் அது படுத்த முட்டை, இரண்டாவதில் நின்ற முட்டை, இதில் வட்டம். எங்க கம்பெனில ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா பீஸக் குத்தம் சொல்ல மாட்டோம், மெஷின் செட்டிங்கத்தான் பாப்போம். இத அம்மாகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும், அந்த ரெண்டு சிடியையும் ஒடச்சுப் போடச் சொல்லணும். இவளுக்கு உங்க போட்டோவப் பாத்ததுலேர்ந்து ஒரு இது. வாய்விட்டுச் சொல்ல மாட்டா, நானாத்தான் எழுதுதேன்.

அங்கே வெயில் அதிகம் என்பதால் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். தாயாருக்கு என் பணிவான கும்பிடு. சம்பந்தம் கூடிவரக் குன்றத்தூர் முருகன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
இசக்கிபாண்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில், தாங்கள் நண்பர் மூலம் கொடுத்தனுப்பிய தங்களுடைய வீடியோ வந்து சேர்ந்தது. போட்டோவில் இருப்பதைவிட அகலமாகத் தெரிந்ததால், தாங்களும் என்னைப் போலவே கட்டளையில் தவறியிருக்கிறீர்கள் என்று நினைத்து, பரசுராமன் கடையில் உட்கார்ந்து சரிசெய்யப் பார்த்தேன். தங்களுக்குப் பின்னால் சுவரில் உள்ள கடிகாரம் வட்டமாகவே இருக்கிறது. செட்டிங்கில் தவறில்லை. தங்கையை வரவழைத்துக் காட்டினேன். முழுவதும் பார்த்தாள், இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னாள், சிரிக்கும்போது நல்லாத்தான் இருக்காவ என்றாள். பிறகு, "அண்ணே, அவிய அம்மைகிட்ட என்னோட அந்த அகலப் படமே இருக்கட்டும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா பொருத்தமாத் தெரியும்" என்றாள். ஆகவே மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். சரியான சிடியைக் கவரிலிருந்து எடுத்துவிட்டேன்.