வாடிக்கையாளர் பாசக் குறியீடு

கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று இருந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது அதற்குப் பெயர் பயிற்சிக் காலம். வணிகவியல் இரண்டாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்தி, அந்த விதிப்படி ஒரு வங்கிக் கிளையில் நாற்பத்தைந்து நாள் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். முடிவில் கல்லூரி ஒரு மதிப்பீட்டுத் தாள் அனுப்பும். அதில் மேலாளர் "திருப்திகரம்" என்று எழுதித் தந்தால் மூன்றாம் ஆண்டு. இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டையே மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான். தையல் மெஷினை மிதித்தே மகளைப் படிக்கவைத்த அம்மாவோ, "என் பொண்ணு பேங்க்ல இருக்கா" என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன வேலை தெரியும்?"

"கத்துக்கத்தான் சார் வந்திருக்கேன்."

"நல்லது. கத்துக்குடுக்க இங்க யாருக்கும் நேரமில்ல. அந்த நாற்காலில போய் உட்காரு."

அந்த நாற்காலி வாசலை ஒட்டி, "உங்களுக்கு உதவக் காத்திருக்கிறோம்" என்ற பலகைக்குப் பின்னால் இருந்தது. ஆறு வருடமாக அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. அவள் தூசி தட்டி உட்கார்ந்தாள். பாவம், பலகையில் எழுதியிருந்ததை அப்படியே நம்பிவிட்டாள்! அது சுவருக்கு அழகாக இருக்கட்டும் என்று மாட்டியது என யாருமே அவளிடம் சொல்லவில்லை.

முதலில் வந்தவர் ஒரு தச்சர். கணக்கில் போன் நம்பரை மாற்ற நாலு தடவை நடந்திருக்கிறார். ஒரு நாள் போட்டோ இல்லை. ஒரு நாள் நகல் இல்லை. ஒரு நாள் நகலில் கையெழுத்து இல்லை. ஒரு நாள் கையெழுத்து இருந்தது, அதைப் பார்க்கிற ஆள் இல்லை. மாணவி எல்லாத் தாளையும் ஒன்றாகச் சேர்த்து, படிவத்தை நிரப்பி, உள்ளே கொண்டுபோய்ப் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தாள்.

"முடிஞ்சிருச்சா? அப்ப நாளைக்கு நான் வரவேண்டாமா?" என்று கேட்ட தச்சர், எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. கூடம் வெறிச்சோடியது. மின்விசிறி கிறீச்சிடுவதைப் பல வருடம் கழித்து ஊழியர்கள் காதால் கேட்டார்கள். கேஷியர் அக்கா ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டாள்.

அப்போதுதான் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் கிளையின் வாடிக்கையாளர் பாசக் குறியீடு கவலைக்கிடமாகச் சரிந்திருப்பதை அறிந்து தலைமையகம் ஆழ்ந்த வேதனை கொள்கிறது. இதற்கான விளக்கத்தை மூன்று நாட்களுக்குள் மூன்று பிரதிகளாகச் சமர்ப்பிக்கவும்."

பாசக் குறியீடு அந்த வருடத்துப் புதுமோஸ்தர். கோட்டு போட்ட ஆலோசகர்கள் வந்து, வண்ண வண்ணப் படம் காட்டிக் கண்டுபிடித்துச் சொன்னது. மனிதன் தனக்குப் பிரியமான இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போவான். ஆகவே வருகைக்கு ஒன்றாகக் கிழித்துக் கொடுக்கும் டோக்கனை எண்ணியே பாசத்தை அளக்கலாம். ஒரே நாளில் வேலையை முடித்துக்கொண்டு போகிறவனுக்கு நம்மேல் ஒட்டுதல் இல்லை. அஞ்சு தடவை வருகிறவன் நம்மேல் உயிரையே வைத்திருக்கிறான்!

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"தினம் இருநூத்தி நாப்பது டோக்கன் போன கிளைம்மா இது. நேத்து அம்பத்தெட்டு. என்ன பண்ணித் தொலைச்ச?"

"வந்தவங்க வேலையை முடிச்சுக் குடுத்தேன் சார்."

"முடிச்சியா!" மேலாளர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "யாரைக் கேட்டு முடிச்ச? முடிச்சா அவங்க ஏன் திரும்பி வரப்போறாங்க? இத்தனை வருஷத்து உறவை இப்படி வெட்டிவிட்டுட்டியே!"

"பலகையில உதவின்னு..."

"காத்திருக்கிறோம்னும் போட்டிருக்கே, அதைப் படிக்கலையா? இங்க பாரு, உன் தாள்ல நான் திருப்திகரம்னு எழுதணுமா, வேண்டாமா?"

அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு தடவைக்கு ஒரு குறை மட்டுமே சொன்னாள். முதல் நாள் வெட்கமாக இருந்தது. நாலாம் நாள் பழகிவிட்டது. ஏழாம் நாள் பிடித்துப்போய்விட்டது.

அதிலும் அவளுக்குத் தனி மூளை. "இந்தப் போட்டோல சிரிக்கிறீங்க. இப்ப உர்ருன்னு இருக்கீங்க. ரெண்டும் ஒரே ஆள்னு நான் எப்படி நம்புறது? நாளைக்குச் சிரிச்சுக்கிட்டே வாங்க" என்று அவள் சொன்னதைக் கேட்டு, உள்ளே முப்பது வருடம் பழுத்த குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டார்.

அவளைப் பெற்றவளே ஒரு நாள் வந்தாள்.

"டோக்கன் எடுத்தீங்களா?"

"அடியே, நான் உன் அம்மாடி!"

"அதுக்கு அத்தாட்சி?"

அம்மா வீட்டுக்குப் போய் மகளின் பிறப்புச் சான்றிதழோடு வந்தாள். "ரெண்டு நகல் வேணும்" என்றாள் மகள். ஒரு அம்மாவுக்கு மூன்று டோக்கன். அன்று சாயங்காலம் வீட்டில் மகள் தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தபோது அம்மா, "சோறு நாளைக்குத்தான், நாளைக்கு வா" என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

டோக்கன் முந்நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. தலைமையகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கோட்டுக்காரர்கள் வந்து அவளை நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி வாரத்தில் பழுப்பு உறையோடு ஒருவர் வந்தார். "இதை மேனேஜர் கையில குடுக்கணும். ஒரு பொண்ணு..."

"விஷயம் அப்புறம். டோக்கன்?"

அன்று டோக்கன் தீர்ந்துவிட்டது. மறுநாள் டோக்கன் இருந்தது, அவருடைய அடையாள அட்டைக்கு நகல் இல்லை. மூன்றாம் நாள் நகல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நாலாம் நாள் அவர் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னைக்குத்தாம்மா கடைசி நாள். ஒரு புள்ளையோட படிப்பு இதுல இருக்கு."

"எல்லாரும் இதையேதான் சார் சொல்றாங்க. உறையில முத்திரை மங்கலா இருக்கு. நாளைக்கு வாங்க."

அவர் பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

சாயங்காலம் அவள் மேலாளர் முன்னால் போய் நின்றாள். "சார், என் தாள்?"

"அதான் எனக்கும் புரியல. காலேஜ் ஆள் பழுப்பு உறையில கொண்டுவருவார்னு சொன்னாங்க. ஒருத்தரையும் காணோமே!"

அவள் கல்லூரிக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். முதல்வர் வாசலிலேயே நின்றார். "நாலு தடவை அனுப்பி நாலு தடவையும் திரும்பி வந்துருச்சும்மா. கெடு முடிஞ்சது" என்றார். அவள் ஓவென்று அழுததும் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா! போன வாரம் கோட்டுக்காரங்க இங்கயும் வந்தாங்க. மாணவர் பாசக் குறியீடுன்னு ஒண்ணு. அதே வகுப்புக்குத் திரும்பி வர்ற பிள்ளைகளை வச்சுத்தான் இனிமே எங்களுக்கு மதிப்பு. உன்னை மாதிரி இன்னும் முப்பது பேர் கிடைச்சா நாங்கதான் முதலிடம். போ, மறுபடி சேர்றதுக்குப் படிவம் குடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அலுவலக ஜன்னலுக்குப் போனாள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் அந்தப் பழுப்பு உறைக்காரர். படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். வீங்கிப்போயிருந்த அவள் முகத்தைப் பார்த்தார்.

"போட்டோல சிரிச்சுக்கிட்டு இருக்கியேம்மா" என்றார். "நாளைக்கு வா."