சபத மாலை

ஏழு நாடுகளில் ஒரு குருதிக்காய்ச்சல் இருந்தது. அதற்குச் சிறுநீலி இலை என்று மருந்தும் இருந்தது. தினம் ஓர் இலை மென்றால் பேரன் பேத்தி எடுக்கலாம்; ஒரு மாதம் விட்டால் பாடைதான். இந்த நோயை ஒழித்தே தீருவோம் என்று ஏழு மன்னர்களும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடிச் சபதம் எடுத்தார்கள். சும்மா இல்லை, சிறுநீலி இலையில் கட்டிய ஆளுயர மாலை போட்டுக்கொண்டு! மாலை இல்லாத சபதம் செல்லாதாம்.

உப்பளத்து அஞ்சுகம் ஒன்பது ஆண்டுகளாக அந்த இலையால் உயிரோடு இருந்தவள். இந்த முறை இலை வாங்கப் போனால் மருந்துச்சாலை பூட்டிக் கிடந்தது. சுவரில் ஆணை: "ஏற்றத்தாழ்வு ஒழிக! எல்லாருக்கும் கிடைக்கும்வரை எவருக்கும் இலை இல்லை." மேலத்தெருவில் மட்டும் இந்த ஆணையை ஒட்டவில்லை. அங்கே சுவர் புதிதாக வெள்ளையடித்ததாம்!

அவள் சபதத்துறை அதிகாரி திருமேனியாரிடம் போனாள்.

"ஐயா, இலை முடிஞ்சு பத்தொன்பது நாளாச்சு. காலு வீங்கிடுச்சு. ஒரு பிடி குடுங்கய்யா."

"எல்லாம் மாலைக்குப் போயிடுச்சும்மா. உங்களுக்காகத்தானே மாநாடே! நோயாளிங்க சார்புல நன்றி சொல்ல ஆள் வேணும். நீயே வந்துடு."

"நன்றி சொல்ல உசுரு இருக்கணுமேய்யா!"

"அதுக்குத்தான் மாநாட்டை நாளைக்கே வச்சிருக்கோம்."

மாநாட்டில் தலைமை மன்னர் முழங்கினார்: "முன்பு ஐந்தாண்டில் ஒழிப்போம் என்றோம். இன்று பத்தாண்டில் என்கிறோம். நம் உறுதி இருமடங்காகிவிட்டது!" அடேயப்பா, என்ன கைதட்டல்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர்களோ கறிக்கு வைத்திருந்த சுரைக்காயையும் ஏட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

அஞ்சுகத்தை மேடையேற்றினார்கள். மன்னர் கழுத்தில் அவள் தெருவுக்கே ஓராண்டுக்கான மருந்து வாடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நன்றி கெடக்கட்டும் சாமி, என் மருந்தக் குடுங்க!" என்று மாலையைப் பிடித்து இழுத்து, ஓர் இலையை வாயில் போட்டாள். கையில் வந்த மீதியை முந்தானையில் முடிந்தாள்.

காவலர்கள் பாய்ந்தார்கள். மாலை அறுந்தால் சபதமும் அறுந்தது என்பது சட்டம். அன்று சாயங்காலமே அறிவிப்பு வந்தது: "நோய் ஒழியாததற்கு நோயாளிகளே காரணம். இனி மாநாட்டில் அவர்களுக்கு அனுமதி இல்லை." திருமேனியார் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: "மாநாட்டால் நேரடியாகப் பயன்பெற்றவர்: ஒருவர்."

சிறையில் அஞ்சுகம் முடிச்சை அவிழ்த்து எண்ணினாள். முப்பது இலை இருந்தது. அடுத்த மாநாட்டுக்கு ஐந்து ஆண்டுகள் இருந்தன.