சிரிப்பில்லை எனச் சான்றளிக்கப்படுகிறது

நூலகத் துறையின் விதிப்படி ஒரு புத்தகம் ஒரே அலமாரியில்தான் இருக்கலாம். மனிதர்கள் இரண்டு வீட்டில் இருப்பதுண்டு. புத்தகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே எந்தப் புத்தகம் எந்த அலமாரிக்கு உரியது என்று முடிவு செய்ய அலமாரி நிர்ணயக் குழு என்று ஒன்று இருந்தது. அந்தக் குழு மாதந்தோறும் கூடி, மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்பதை முதலில் நிர்ணயித்துவிட்டு, மிச்ச நேரத்தில் புத்தகங்களை நிர்ணயித்து வந்தது.

அந்தக் குழுவிடம்தான் வாயாடியின் புத்தகம் வந்து மாட்டிக்கொண்டது.

வாயாடி என்பது மேடைப் பெயர். சின்ன வயதில் அத்தை வைத்தது. அத்தை அதைத் திட்டாக வைத்தாள். இவள் தொழிலாக வைத்துக்கொண்டாள். தனியாக மேடையேறி, மைக்கைக் கையில் பிடித்து, பெற்றவர்களையும் பக்கத்து வீட்டாரையும் பழைய மேலதிகாரிகளையும், போகிற போக்கில் தன்னையும், வாரு வாரு என்று வாருவாள். அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவள் உட்கார்ந்து தன் கதையை எழுதினாள். 'சிரிக்காதே, வெளியே கேட்கும்' என்று பெயர் வைத்தாள். அவள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்குச் சோறு போடும்போதெல்லாம் கூடவே போடப்பட்ட வாக்கியம் அது.

வாசகர்கள் அவரவர் வசதிப்படி வாசித்தார்கள். "நல்லாத்தான் இருக்கு. யாரு எழுதிக் கொடுத்தது?" என்றார் மாடி வீட்டுப் பொறியாளர். "உங்க வீட்டுக்காரர் படிச்சாரா? ஒண்ணும் சொல்லலையா?" என்று பல் டாக்டர் கேட்டார். வாய் நிறையக் கருவியை வைத்து, பதில் சொல்ல வழியில்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டார். புத்தகத்தில் ஒரு சித்தப்பா வருவார். "பொம்பளை மேடையேறிச் சிரிக்கவெச்சா குடும்ப மானம் கப்பலேறிப் போகும்" என்று சொல்லிவிட்டு, நுழைவுச் சீட்டு இலவசமா என்று விசாரிப்பார். முகம் தெரியாத எத்தனையோ சித்தப்பாக்கள் 'என்னைப் பற்றி எப்படி எழுதலாம்' என்று சண்டைக்கு வந்தார்கள். அவளுடைய சொந்தச் சித்தப்பா மட்டும் கட்டாகப் புத்தகம் வாங்கித் தெருவுக்கே விநியோகம் செய்தார். "சரியா எழுதியிருக்கா. இந்த மாதிரியும் சில ஜென்மங்க இருக்குது" என்றார்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது அலமாரி விஷயம்.

ஏனென்றால் ஊர் நூலகத்தின் நகைச்சுவை அலமாரி அவளுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. சிறுமியாக இருந்தபோது ஒரு தட்டு விடாமல் படித்திருக்கிறாள். அதில் ஒரு பெண் எழுதிய புத்தகம்கூடக் கிடையாது. அதற்காக அங்கே பெண்களே இல்லை என்று துறையைக் குறை சொல்லிவிட முடியாது. பெண்கள் நிறைய இருந்தார்கள், புத்தகங்களுக்கு உள்ளே. மனைவியாக, மாமியாராக, குண்டாக, கோபமாக. சிரிப்புக்குள் அடைபட்டுக் கிடந்த அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தி வெளியே வந்து, முதுகில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு அதே தட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். விருது கேட்கவில்லை. ஒரு விரற்கடை அகலம் கேட்டாள்.

துறையோ புத்தகத்தை மகளிர் நலம் என்ற அலமாரியில், குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது எப்படி என்பதற்கும் தையற்கலைக்கும் நடுவில் சொருகிவிட்டது. தையல் படிக்க எடுத்துப்போன ஓர் அம்மாள், பாதிப் புத்தகம் தாண்டியும் இன்னும் துணியை வெட்டவில்லை என்று புகார் கொடுத்தார்.

வாயாடி அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனாள். குழுவின் தலைவரான துணை இயக்குநர் சாதாரண ஆள் இல்லை. அவரே நகைச்சுவை எழுத்தாளர். அவர் எழுதிய 'கட்டினவன் பட்டபாடு' நகைச்சுவை அலமாரியில் கண்மட்டத்தில், வரிசையாகப் பல பிரதிகளாக, ஒருவர் கையும் படாமல் பளபளவென்று இருந்தது.

"உக்காருங்கம்மா. திருமதியா, செல்வியா?"

"அது எந்த அலமாரிக்கு வேணும் சார்?"

"பதிவுக்கு."

"வாயாடின்னே போட்டுக்கோங்க."

பக்கத்தில் இருந்த எழுத்தர் 'திருமதி வாயாடி' என்று பதிந்துகொண்டார்.

"சார், இது நகைச்சுவைப் புத்தகம். மகளிர் நலத்துல எதுக்கு வெச்சீங்க?"

"நீங்க மகளிரா?"

"ஆமா."

"நலமா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்புறம் என்னம்மா?"

அக்கா இடையில் புகுந்தாள். "சார், நீங்க புத்தகத்தைப் படிச்சீங்களா?"

"படிச்சா ஒருதலைப்பட்சம் வந்துடும். படிக்காம இருக்கறதுதான் நடுநிலை." துணை இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, விதிப்படியே பேசுவோம். இதுல இருக்கறதெல்லாம் நிஜமா நடந்ததா?"

"நடந்தது."

"நடந்தப்போ சிரிச்சீங்களா?"

"அப்போ அழுதேன். இப்பதான் சிரிப்பா இருக்கு."

"அழுதீங்க இல்லையா? அப்ப அது துயரம். சம்பவம் நடந்த தேதியில இருந்த நிலைமையைத்தான் துறை கணக்குல எடுக்கும்."

"உங்க புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் உங்க மனைவி உங்களைத் துடைப்பத்தால அடிக்கறாங்களே சார், அது நடந்ததா?"

எழுத்தர் கூரையைப் பார்த்தார். துணை இயக்குநர் தண்ணீர் குடித்தார்.

"அது கற்பனை. கற்பனையில விழற அடி நகைச்சுவை, நிஜத்துல விழற அடி துயரம். இந்த அடிப்படை வித்தியாசம் தெரியாமத்தான் நீங்கள்லாம் எழுத வந்துடறீங்க."

வாயாடி விடவில்லை. நிஜத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பது எந்த விதியில் தடை செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியது. நெருங்கவே, துறை இறங்கி வந்தது. வாசகர் எதிர்வினை அறியும் சிறப்பு அமர்வு ஒன்று நடத்தப்படும். வாசகர்கள் சிரித்தால் நகைச்சுவை, சிரிக்காவிட்டால் அதற்கேற்ற அலமாரி என்று உத்தரவாயிற்று.

கூட்ட அரங்கில் உடைந்த நாற்காலிகள் பாதுகாக்கப்பட்டு வந்ததால், அமர்வு நூலகத்தின் வாசிப்பறையில் நடந்தது. வாசிப்பறையில் சத்தம் கூடாது. 'அமைதி காக்கவும்' என்று நான்கு சுவரிலும் பலகை தொங்கியது. மீறுகிறவர்களை வெளியே அனுப்புவதற்கென்றே ஒரு காவலர் இருந்தார். கடமை தவறாதவர், ஒருமுறை விக்கல் எடுத்த பேராசிரியரையே வெளியேற்றியவர்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை குழுவின் மகளிர் உறுப்பினராக அமர்ந்தார். புள்ளிவிவர அதிகாரி தன் எண்ணும் கருவியோடு அமர்ந்தார். வாயாடி எழுந்து புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

"நீங்க படிக்கக் கூடாது," என்றார் துணை இயக்குநர்.

"ஏன் சார்?"

"நீங்க படிச்சா சிரிப்பு வரும். முடிவு பாதிக்கப்படும்."

எழுத்தர் படித்தார். ஏல அறிவிப்பைப் படிக்கிற குரலில், முற்றுப்புள்ளி, கால்புள்ளியையும் சேர்த்துப் படித்தார்.

"எங்கள் வீட்டில் சிரிப்பதற்கென்று ஓர் அறை இருந்தது, முற்றுப்புள்ளி. குளியலறை, முற்றுப்புள்ளி. அம்மாவும் நாங்களும் சிரிப்பு வந்தால் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரிப்போம், முற்றுப்புள்ளி. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அப்பா, கால்புள்ளி, எங்க வீட்டுப் பொண்ணுங்க ரொம்பச் சுத்தம் என்று பெருமைப்பட்டுக்கொள்வார், முற்றுப்புள்ளி."

முதலில் சிரித்தவள் அக்கா. அந்தக் குளியலறையில் பாதிச் சிரிப்பு அவளுடையது. காவலர் வந்து வாசலைக் காட்டினார். அடுத்து ஒரு வங்கி ஊழியரின் மனைவி, "ஐயோ, எங்க வீட்டுலயும் இதேதான்!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தானாகவே பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் கணவர் சிரிக்கவில்லை. "அதான் தண்ணித் தொட்டி ரெண்டு நாள்ல காலியாகுதா?" என்றார், விஷயம் பிடிபட்டவராக. அதைக் கேட்டு மேலும் ஐந்தாறு பெண்கள் சிரித்தார்கள். எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். கல்லூரிப் பெண்கள் ஒரு வரிசையாகப் போனார்கள். நடைவழியில் நின்று அவர்கள் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அமர்வுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று துணை இயக்குநர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

மகளிர் உறுப்பினர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பதவிக்காலம் இன்னும் ஓராண்டு இருந்தது.

கடைசியில் அறையில் மிச்சமிருந்தவர்கள் வங்கி ஊழியரும் இன்னும் சில கணவர்களும், செய்தித்தாளை முகத்தில் போட்டுத் தூங்கிய ஒருவரும்தான். புள்ளிவிவர அதிகாரி எழுந்தார்.

"அறையில் உள்ள வாசகர்களில் சிரித்தவர்கள் யாருமில்லை. ஒருமனதான முடிவு."

வாயாடி பொங்கிவிட்டாள். "சிரிச்சவங்களை எல்லாம் வெளியே அனுப்பிட்டீங்களே சார்!"

"வெளியே போனவங்க அமர்வுல இல்லாதவங்கம்மா. இல்லாதவங்களை எப்படி எண்றது?" என்றார் புள்ளிவிவர அதிகாரி.

"ஜன்னலைத் திறந்து பாருங்க, எப்படிச் சிரிக்கறாங்கன்னு!"

"அது நடைவழி. நடைவழி வேற பிரிவு."

அதற்குள் எழுத்தர் ஒரு முக்கியமான சங்கதியைச் சுட்டிக் காட்டினார்: வாசிப்பின்போது மகளிர் உறுப்பினர் கண்ணீர் விட்டிருக்கிறார். குழு அதை உரிய மரியாதையுடன் கணக்கில் எடுத்துக்கொண்டது. புத்தகத்தில் சிரிப்பில்லை எனச் சான்றளிக்கப்பட்டு, அது குடும்பத் துயரம் என்ற அலமாரிக்கு மாற்றப்பட்டது. மகளிர் உறுப்பினர் கைக்குட்டையை எடுக்காமலேயே தலையசைத்தார்.

அன்று மாலையே வாயாடி மேல்முறையீட்டு மனு எழுத உட்கார்ந்தாள். இந்த முறை ஒரு நகைச்சுவையும் கிடையாது என்று சபதம் செய்துகொண்டாள். நடந்ததை நடந்தபடி, அவர்கள் பாஷையிலேயே எழுதினாள். 'சிரித்தவர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டதால், வெளியேற்றப்படாதவர்கள் சிரிக்கவில்லை என்று தாங்கள் கண்டறிந்ததைப் பணிவன்புடன் கண்டறிகிறேன்' என்பது போல, பல்லைக் கடித்துக்கொண்டு, வரிக்கு வரி எழுதினாள்.

மனு குழுவின் முன் வைக்கப்பட்ட நாளில் அவளும் அக்காவும் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு கனைப்புக் கேட்டது. பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு துணை இயக்குநரின் குரலில், இதுவரை அந்தக் கட்டடம் கேட்டறியாத ஒரு சத்தம் வெடித்தது.

"என்னடி, யாருக்காவது நெஞ்சு வலியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. சிரிக்கறாங்க."

துணை இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அம்மா, பிரமாதம்! அதுவும் அந்தத் துணை இயக்குநர் இருக்காரே, வயிறு வலிக்குதும்மா. எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவரு அச்சு அசல் அப்படித்தான்."

"சார், அது மனு. எனக்குப் பதில் வேணும்."

"பதில் என்னம்மா பெரிய பதில், அங்கீகாரமே தர்றோம். நகைச்சுவை அலமாரியிலேயே வெக்கறோம், முதல் தட்டுல!"

வாயாடி பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தாள். "என் புத்தகத்தையா?"

"மனுவைம்மா. புத்தகம் துயரம்தான், சான்றிதழ் கொடுத்தாச்சே."

"அப்போ எனக்கு நகைச்சுவை வரும்னு ஒத்துக்கறீங்களா?"

"மனுவுக்கு வருது. உங்களுக்கு வருமாங்கறது வேற கோப்பு."

அலுவலகத்துக்குள் வந்துவிட்ட மனு அலுவலகத்தின் உடைமை என்று விதி இருந்தது. ஆகவே மனு நல்ல தாளில் அச்சாகி, 'மேல்முறையீடு: ஒரு நகைச்சுவை' என்ற தலைப்பில், 'ஆக்கம்: துணை இயக்குநர்' என்ற பெயரோடு வெளிவந்தது. உரிமை பற்றிக் கேட்க வாயாடி இன்னொரு மனு எழுதத்தான் நினைத்தாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. ரெண்டாம் பாகமாப் போட்டுடுவாங்க."

வெளியீட்டு விழாவுக்குப் பெரிய அரங்கம் எடுத்திருந்தார்கள். துணை இயக்குநரே மேடையேறி வாசித்தார். அவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. இருந்தும் கூட்டம் சிரித்தது. அரசு அதிகாரி எழுதியது என்பதால் கணவர்கள் தாராளமாகச் சிரித்தார்கள். கணவர்கள் சிரித்ததால் மனைவிகளும் சத்தமாகச் சிரித்தார்கள். மகளிர் உறுப்பினர் முன் வரிசையில் கைக்குட்டை இல்லாமல் சிரித்தார். அவளுடைய சித்தப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

வாயாடி கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன் வாக்கியங்கள் ஒவ்வொன்றுக்கும் எழும்புகிற சிரிப்பை, தொழில்காரியின் காதோடு, கேட்டுக்கொண்டிருந்தாள். சரியான இடத்தில்தான் சிரிக்கிறார்கள். அதை மறுக்க முடியவில்லை.

விழா முடிந்து வெளியே வரும்போது வங்கி ஊழியரின் மனைவி அவளை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார். அன்று வாசிப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்டு, நடைவழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர். வாயாடியின் கையை ஆசையாகப் பற்றிக்கொண்டார்.

"உங்க புத்தகம் என் தலைமாட்டுலயே இருக்குங்க. என்ன சோகம், என்ன சோகம்! எங்க வீட்டுக்காரர்கூட, துயரம்னு போட்டிருக்கறதால படிக்கலாம்னு சொல்லிட்டார்." பிறகு மேடைப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஆனா இவரு எவ்வளவு தமாஷா எழுதறாரு பாத்தீங்களா? நீங்களும் அடுத்த தடவை இந்த மாதிரி முயற்சி பண்ணுங்களேன். கொஞ்சம் பழகினா உங்களுக்கும் வரும்."

வாயாடி வாயைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம், பேனா இருக்கா? அவரு கிளம்பறதுக்குள்ள கையெழுத்து வாங்கிடணும்."

வாயாடி பையைத் துழாவிப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.