ஜெல் டாக்டரும் மாமா போட்ட கட்டும்

திருப்பதிக்கு வந்து முடி கொடுக்காமல் தப்பித்தவர்கள் உண்டு. ஜெல் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டாமல் தப்பித்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

அப்போதெல்லாம் வெளிநாடு போனவர்கள் டிவியும் கேமராவும் கொண்டுவருவார்கள். இந்த மனுஷன் கைப்பெட்டி அளவுக்கு ஒரு ஸ்கேன் மெஷினோடு வந்து இறங்கினார். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே சமாசாரத்தால், நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்களின் நுரையீரலைப் பார்ப்பார். சட்டைப்பையில் பேனா இருக்காது, ஸ்கேன் வைக்குமுன் தடவுகிற ஜெல் பாட்டில்தான் இருக்கும். டீக்காரரைக்கூட விடமாட்டார். பாவம், அவர் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு வருவார்.

கங்காதர நெல்லூரில் கரும்பு போட்டுக்கொண்டிருந்த எங்கள் அப்பா, நைனாவுக்கு, அவருடைய திருப்பதி ஆஸ்பத்திரியில்தான் இருதய ஆபரேஷன். ஜெல் என்றாலே அவருக்கு ஆகாது.

"அய்யோ, ஐஸு மாரி கீது சார்! என் வயித்துல இன்னா புள்ளையா கீது?"

"இருந்தா பேர் நான் வெக்கிறேன், பெத்தாயனா. மூச்சு இழுங்க!" என்பார் டாக்டர், பெரியவரைத் தெலுங்கில் கூப்பிட்டு.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் காலை நைனாவால் ஒரு பேச்சை முழுசாகப் பேச முடியவில்லை. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. டாக்டரைக் கூப்பிட ஓடினேன். பெங்களூரில் என் புது கம்பெனி, தீர்ந்துபோன லீவு, எல்லாமே மறந்துபோனது.

டாக்டர் மெஷினோடு ஓடிவந்து சட்டையைத் தூக்கினார். நெஞ்சைச் சுற்றி இறுக்கமாக ஒரு துணிக்கட்டு! பச்சிலையும் முட்டையும் சேர்ந்து நாறின. பக்கத்தில் என் மாமா பெருமையாக நின்றார்.

"எலும்ப அறுத்துக்கீறாங்க, கட்டு இல்லாம எப்டி ஒட்டும்? எலும்புக்குக் கட்டுப் போடற புத்தூர்ல கேட்டேன். நெஞ்சுக்கெல்லாம் கட்டமாட்டோம், டாக்டரக் கேளுன்னு தொரத்திட்டாங்க. அதான் நானே கட்டிட்டேன்!"

"கால் அசையாம இருந்தா எலும்பு ஒட்டும், சரி. நுரையீரல் அசையாம இருந்தா மனுஷன் இருப்பானா சாமீ?"

கட்டை வெட்டி எறிந்து ஸ்கேன் வைத்தார். இடதுபக்கம், அடியில், நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர்.

"ஆழமா மூச்சு இழுத்தா விரியும். இல்லேன்னா மறுபடி ஐ.சி.யூ.தான்" என்றார்.

நைனாவோ வலிக்கிறது என்று மூச்சை இழுக்கவே மாட்டேன் என்றார். மூச்சிழுத்துப் பழகக் கொடுத்த, உள்ளே பந்து ஏறுகிற கருவியை, 'புள்ளைங்க வெளாடறது' என்று தள்ளிவிட்டார். டாக்டர் யோசித்தார். தையல் வலிக்காமல் இருக்கத் தலையணையை எடுத்து நைனாவின் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கவைத்தார்.

"மூச்சை நல்லா இழுத்து, கோவிந்தா சொல்லுங்க பெத்தாயனா!"

டாக்டருக்கு மாட்டேன் என்று சொல்லலாம், கோவிந்தனுக்குச் சொல்ல முடியுமா? முதல் கோவிந்தா பூனைக்குட்டி மாதிரி வந்தது. அடுத்ததற்குப் பக்கத்துக் கட்டில் சேர்ந்துகொண்டது. அப்புறம் வார்டே "கோவிந்தா... கோவிந்தா!" செய்த காரியத்தின் குற்ற உணர்ச்சியில் மாமாதான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார். யாத்திரை பஸ் உள்ளே நுழைந்துவிட்டதோ என்று வாட்ச்மேன் ஓடிவந்தார்.

வேளாவேளைக்கு மருந்தும் கோவிந்தாவும் நடந்தன. அப்புறம் ஒருநாள் ஸ்கேன் வைத்த டாக்டர், "விரிஞ்சிடுச்சு! தண்ணியும் வத்திடுச்சு!" என்று குதித்து மாமாவையே கட்டிக்கொண்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது, டாக்டர் வெறுமனே கைகூப்பி நின்றார். நைனா தானாகவே சட்டையைத் தூக்கினார்.

"இன்னொரு தபா பாத்துக்கோ சார். உனக்கு ஆசையா இருக்கும்."

அவசியமே இல்லை. ஆனாலும் பாட்டில் வெளியே வந்தது. ஜெல் அன்றைக்கும் ஐஸ் மாதிரிதான் இருந்திருக்கும். நைனா யாரும் சொல்லாமலேயே மூச்சை ஆழமாக இழுத்தார்.