கண்காணிப்பாளர் சத்தியசீலன் குழாய் மாற்றிய வரலாறு

தண்ணீரை அடக்கி ஆண்டவர்கள் இந்த உலகில் இரண்டு வகை. ஒரு வகையினர் அணை கட்டினார்கள். மற்ற வகையினர் கூட்டம் போட்டார்கள். அணை கட்டியவர்களுக்கு ஊர் ஊராகச் சிலை இருக்கிறது. கூட்டம் போட்டவர்களில் தலைசிறந்தவரான என் அண்ணன் சத்தியசீலனுக்கு இன்றுவரை ஒரு சிலைகூட இல்லை. அந்த அநீதியைத் துடைக்கவே இதை எழுதுகிறேன்.

அண்ணன் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் பணியாற்றி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் அங்கே ஒரு குண்டூசிகூடக் கூட்டம் போடாமல் வாங்கப்பட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு அவர் கண்காணிக்க வீடு மட்டுமே மிஞ்சியது. வீட்டில் அண்ணன், மதினி ஆனிமேரி, கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோன தம்பியாகிய நான், ஸ்டீபன். மகள் ஜெனியைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

வீடு மதுரை சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. எங்கள் அப்பா கட்டியது. ஐம்பது வருடத்துக்கு முன் சுவருக்குள் பதித்த இரும்புக் குழாய்கள். சமையலறையில் ஒரு குழாய்க்குச் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. குளியலறையில் ஒன்றுக்குப் பசை அப்பியிருந்தது. மாடிப்படி ஓரமாக இறங்கும் பெரிய குழாய்க்கு அண்ணனின் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டிருந்தது. பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கி வராததுதான் பாக்கி. சுருங்கச் சொன்னால், அண்ணனிடம் ஒழுக்கம் இருந்தது. வீட்டில் ஒழுகல் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை சமையலறைச் சுவர் இருமியது. பிறகு துப்பியது. கருங்காப்பி நிறத்தில் தண்ணீர் அடுப்பு மேடை முழுக்கப் பரவியது. மதினி ஓடிப்போய்ச் சமையலறை வால்வை அடைத்துவிட்டுப் பிளம்பர் பேயாண்டிக்குப் போன் செய்தார். அவர் பத்து நிமிடத்தில் வந்தார். ரெஞ்சால் குழாயை லேசாக ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய இடம் உதிர்ந்து தரையில் விழுந்தது.

"உள்ள இரும்பே இல்ல சார்," என்றார் பேயாண்டி. "வெறும் துருதான் பைப்பு மாதிரி நடிச்சுக்கிட்டு நிக்கிது. இனிமே ஒட்டுப் போட்டு ஆகாது. எல்லாத்தையும் கழட்டிட்டு, சுவத்துக்கு வெளிய புது பிளாஸ்டிக் பைப்பு ஓட்டிருவோம். மூணு நாளு வேலை. இன்னைக்கே ஆரம்பிக்கவா?"

"இன்னைக்கேயா?" அண்ணன் திடுக்கிட்டார். "ஏம்ப்பா, இது வீடா, சத்திரமா? ஒரு நடைமுறை வேண்டாமா?"

அன்று மாலையே 'இல்லக் குடிநீர்க் குழாய்ப் புனரமைப்பு ஆலோசனைக் குழு' பிறந்தது. அண்ணன் தலைவர். நான் செயலாளர். பேயாண்டி 'சிறப்பு அழைப்பாளர்'. மாப்பிள்ளை ஜெரால்ட் சென்னையிலிருந்து வீடியோ காலில் வரும் 'தொழில்நுட்ப ஆலோசகர்'. மதினி உறுப்பினர் அல்ல. முற்றத்துத் தரைத்தொட்டியிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு சமையலறைக்கு எடுத்துப்போக ஓர் ஆள் வேண்டியிருந்ததால், அவருடைய நேரத்தைக் குழு வீணடிக்க விரும்பவில்லை.

முதல் கூட்டம் ஜெபத்துடன் தொடங்கியது. தலைவர் வரவேற்புரை ஆற்றினார். பிறகு தலைவருக்கு நன்றி தெரிவித்துத் தலைவரே பேசினார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது: "குழாய் உடைந்திருப்பதைக் குழு கவனத்தில் கொள்கிறது." தேநீர் வரவில்லை. ஏன் என்று அண்ணன் உள்ளே பார்த்துக் கேட்டார்.

"தண்ணியில்ல," என்றார் மதினி.

'தவிர்க்க முடியாத காரணங்களால் தேநீர் வழங்கப்படவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

இரண்டாம் கூட்டத்தில், சுவருக்கு வெளியே குழாய் ஓடினால் வீட்டின் 'கௌரவம்' என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. எழுப்பியவர் தலைவர். மூன்றாம் கூட்டத்தில் குழாயின் நிறம். வெள்ளையா, சந்தன நிறமா என்று முடிவெடுக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அதிலும் அண்ணனும் நானும்தான் இருந்தோம். ஆனாலும் அதற்குள் கருத்து வேறுபாடு வந்தது. பேயாண்டி ஒவ்வொரு வாரமும் ரெஞ்சும் பையுமாக வந்து, மரியாதையாக நாற்காலியில் உட்கார்ந்து, மரியாதையாக எழுந்து போனார். ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் பையைத் திறந்தார். "அழைப்பாளர் ஆயுதங்களைத் தொடக் கூடாது," என்று அண்ணன் தடுத்துவிட்டார்.

நான்காம் கூட்டத்தில்தான் நவீன அறிவியல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. ஜெரால்ட் போன் திரையில் தோன்றிச் சொன்னார்:

"மாமா, டேட்டா இல்லாம எதையும் மாத்தக் கூடாது. முதல்ல எங்கெங்க லீக் ஆகுதுன்னு தெரியணும்."

"எனக்குத் தெரியுமே மாப்ள," என்று சமையலறையிலிருந்து மதினி குரல் கொடுத்தார். "பூராவும் லீக்குதான்."

"அது அபிப்பிராயம் அத்தை. நான் கேக்குறது டேட்டா."

நான்கு நாளில் கூரியரில் 'கசிவுக் காவலன்' என்ற கருவிகள் ஒரு டஜன் வந்திறங்கின. அவற்றைக் குழாய்களில் ஒட்டினோம். எங்காவது ஒழுகினால் எங்கள் போன்களில் மணியடித்து ஒரு செய்தி வரும்: 'வணக்கம். உங்கள் இல்லத்தில் கசிவு கண்டறியப்பட்டுள்ளது. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.' முதல் நாள் நாற்பத்தொரு முறை இனிய நாள் அமைந்தது. வேதக்கோவில் ஆராதனையில் போதகர் ஐயர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது மூன்று முறை. அண்ணன் பெருமிதத்தில் மிதந்தார். முன்பெல்லாம் வீடு ஒழுகுகிறது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இப்போது எத்தனை மணி, எத்தனை நிமிடத்துக்கு ஒழுகுகிறது என்பது தெரிந்தது. விஞ்ஞானம் இதைவிட வேறென்ன செய்ய முடியும்?

இந்த நேரம் பார்த்து ஜெனி தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். எட்டு மாதம் முடிந்திருந்தது. குளியலறைக் குழாயும் அதற்குள் உயிரை விட்டிருந்தது. மதினி சமையலுக்கும், துவைக்கவும், ஜெனி குளிக்கவும் குடம் குடமாகச் சுமந்தார். நடை முழுக்க எந்நேரமும் ஈரம். அண்ணனின் இதயம் கல் அல்ல. ஐந்தாம் கூட்டத்தில் ஒரு சிறப்புத் தீர்மானம் கொண்டுவந்து, மதினியைக் கூப்பிட்டு நிற்கவைத்து வாசித்தார்: "திருமதி ஆனிமேரி அவர்களின் அயராத நீர்ப்பணியை இக்குழு மனதாரப் பாராட்டுகிறது."

மதினி இடுப்பில் குடத்தோடு நின்று கேட்டுவிட்டு, "இந்தப் பாராட்டை எந்தக் குடத்துல ஊத்தி வைக்க?" என்றார்.

'உறுப்பினர் அல்லாதவர் மகிழ்ச்சி தெரிவித்தார்' என்று எழுதிக்கொண்டேன்.

ஆறாம் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அது நேர்ந்தது. ஜெனி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கடைசிப் படியில் ஈரம். கால் வழுக்கியது. "அம்மா!" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் இருந்த பெரிய குழாயைப் பிடித்தாள். குழாய் ஒரு முழம் அப்படியே கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, அடியில் உட்கார்ந்திருந்த பேயாண்டி நாற்காலியை எறிந்துவிட்டுப் பாய்ந்து அவளைத் தாங்கிக்கொண்டார். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் முழுதும் குழுவின் மீது கொட்டியது. என் குறிப்பேடு மிதந்து போனது. எல்லாருடைய போனிலும் மணி அடித்தது. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.

மதினி ஓடிவந்து ஜெனியைக் கட்டிக்கொண்டார். வயிற்றைத் தடவிப் பார்த்தார். "அசையுதாடி? சொல்லுடி, அசையுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஜெனி தலையாட்டிய பிறகுதான் மூச்சு விட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்ற அண்ணனைப் பார்த்து மிகப் பணிவாகச் சொன்னார்:

"தலைவர் அவர்களே, நான் ஒரு யோசனை சொல்லலாமா?"

மதினி அப்படி அழைத்ததில் அண்ணன் நெகிழ்ந்துபோனார். "தாராளமா."

"கொட்டாம்பட்டி பக்கத்துல நம்ம பேயாண்டியோட மச்சான் இருக்காராம். தோட்டத்துல பூராப் பைப்பையும் புதுசா மாத்தியிருக்காராம். நீங்களும் தம்பியும் நேர்ல போயிக் கள ஆய்வு பண்ணி ஒரு அறிக்கை எழுதுனா என்ன?"

'கள ஆய்வு' என்ற சொல் அண்ணன் காதில் தேனாகப் பாய்ந்தது. முப்பத்தாறு வருடப் பணியில் அவருக்கு அது வாய்த்ததே இல்லை. "எத்தனை நாள் தேவைப்படும்?" என்று கேட்டார்.

மதினி பேயாண்டியைப் பார்த்தார். "எத்தனை நாளு வேணும் பேயாண்டி?"

பேயாண்டி மதினியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "மூணு நாளு போதும்க்கா."

மறுநாள் விடிந்ததும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். பேயாண்டியின் மச்சான் காளை, கடலை போட்டிருந்த விவசாயி. பைப்பைப் பார்க்க மதுரையிலிருந்து இரண்டு பேர் பேனாவோடு வந்து இறங்கியதில் முதலில் பயந்து, பிறகு கோழி அடித்தார். அண்ணன் மோட்டார் அறை வாசலில் நாற்காலி போட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"பைப்பு மாத்துறதுக்கு முன்னாடி எத்தனை கூட்டம் போட்டீங்க?"

"கூட்டமா? உடைஞ்சு தண்ணி பீய்ச்சி அடிச்சப்ப ஊரே கூடி வந்து பாத்துச்சு சார். நல்ல கூட்டம்."

"ஸ்டீபன், எழுதிக்கோ. 'பொதுமக்கள் கருத்துக் கேட்பு.' சரி, மாத்தணும்னு எந்த அடிப்படையில முடிவெடுத்தீங்க?"

"கடலை வாடுச்சு சார்."

"முடிவெடுத்ததுக்கும் மாத்துனதுக்கும் இடையில என்ன நடந்துச்சு?"

காளை நிஜமாகவே யோசித்தார். "இடையில சாப்புட்டோம் சார்."

அண்ணன் பேனாவை மூடிவிட்டுக் கவலையோடு என்னைப் பார்த்தார். "கட்டமைப்பே இல்லாம இருக்காங்கடா இவங்க," என்றார். எங்களுக்குப் பின்னால் புதுப் பைப்பில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் வீட்டுக்குப் போன் செய்தேன். மதினியின் குரலுக்குப் பின்னால் சுவரைத் துளைக்கும் சத்தம் காதைக் கிழித்தது.

"என்ன மதினி சத்தம்?"

"ஒண்ணுமில்ல தம்பி. மிக்ஸில தேங்கா சட்னி அரைக்கிறேன்."

"எல்போ ஜாயின்ட்டு எங்க வச்சேன்க்கா?" என்று சட்னிக்குள்ளிருந்து பேயாண்டி கேட்டார்.

நான் ஒரு பொறுப்பான செயலாளர். தலைவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பது செயலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "வீட்ல எல்லாரும் சுகம்," என்று அண்ணனிடம் சொன்னேன்.

நான்காம் நாள் காலை திரும்பினோம். முற்றத்தில் பழைய குழாய்கள் குவிந்து கிடந்தன. சுவரோரமாகச் சந்தன நிறத்தில் புதுக் குழாய்கள் நேர்கோடாக ஓடின. பக்கத்து வீட்டு முருகம்மாள் வீட்டில் மூன்று நாளும் பத்திரமாக இருந்த ஜெனி, அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் குவியலிலிருந்து ஒரு குழாயை எடுத்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. வாய்வைத்து ஊதினார். காற்றும் போகவில்லை. முழுக்கத் துரு. அதைக் கீழே வைத்துவிட்டு ஜெனியின் வயிற்றைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் வெளிறிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கண்காணிப்பாளர் திரும்பி வந்துவிட்டார்.

"இதுக்கு யார் தீர்மானம் போட்டது?"

"நான்தான்," என்றார் மதினி. "பிள்ளை குளிக்கணும்னு தீர்மானம் போட்டேன்."

அண்ணன் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். கண்ணாடியாகத் தண்ணீர் வந்தது. முகத்தைக் கழுவினார். இன்னொரு முறை கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஸ்டீபன், எழுது. 'கள ஆய்வின் பரிந்துரைகள், அறிக்கை சமர்ப்பிக்கும் முன்பே முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டுவிட்டன.' இம்புட்டு வேகமா வேலை செஞ்ச குழு உலகத்துல வேற இருக்காடா?"

இருக்காது என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஜெனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அடுத்த மாதம் எங்கள் தெரு நலச் சங்கம், ஐம்பது வருடக் குழாயை மூன்றே நாளில் மாற்றிக் காட்டிய அண்ணனுக்குப் பாராட்டு விழா எடுத்தது. மேடையில் அண்ணன், பக்கத்தில் செயலாளர் என்ற முறையில் நான். மதினி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். அவருக்குப் பின்னால், உட்காராமல், பேயாண்டி.

சங்கத் தலைவர் அழகுபாண்டி பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிக்கிறேன். நம்ம சார் மட்டும் இல்லேன்னா, அந்த வேலை நடந்திருக்குமா?"

மதினி எழுந்து நின்றார். குழந்தை விழிக்காதபடி மெதுவாகத்தான் பேசினார். ஆனாலும் மேடைவரை கேட்டது.

"அவரு இல்லாததுனாலதான்ப்பா நடந்துச்சு."

யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்க, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் தட்டிய துரோகி யாரென்று அண்ணன் கூட்டம் முழுக்கக் கண்ணால் துழாவினார்.

அவர் பக்கத்து நாற்காலியைப் பார்க்கவே இல்லை.