சவரிராயன் வாசலுக்குக் கண் வைத்த கதை

நெல்லித்தோப்பில் அறுபத்தொரு வயதான ஒரு மனுஷன் வீட்டுக்கு ஒரு சாமானைத் தன் இஷ்டத்துக்கு வாங்கினால் அது சரித்திரம்தான். சவரிராயன் அந்தச் சரித்திரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்த கையோடு படைத்தார். பெட்டியைப் பிரித்துச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து மனைவி ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார். கையகல வாசல் மணி. அதில் ஒரு கண்ணாடிக் கண். தெருவில் யார் வந்தாலும் அந்தக் கண் பார்த்து, வீட்டு வைஃபையில் ஏற்றி, நாம் எங்கே இருந்தாலும் போனில் காட்டிவிடும். போனில் இருந்தபடியே வந்தவரோடு பேசவும் பேசலாம்.

போன மாதம் மூன்றாவது வீட்டில் கேஸ் சிலிண்டர் திருடு போனதை அவர் ஆதாரமாக எடுத்து வைத்தார். காலம் கெட்டுக் கிடக்கிறது, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். ஆரோக்கியம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நல்லதுதான், மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். முப்பத்து நாலு வருஷத்தில் அவள் இப்படி உடனே சரி என்று சொன்னது அதுவரை இரண்டே தடவை. அந்த இரண்டு தடவையும் தனக்கு என்ன ஆனது என்று மனுஷன் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

திருடன் பயமெல்லாம் ஒரு பேச்சுக்கு. விஷயம் கருவாடு.

நாலு மாதத்துக்கு முன்னால் ரத்த அழுத்தம் ஏறி, மார்க்கெட் வாசலிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஆரோக்கியம் நிறுத்தியே விட்டாள். ஊறுகாய் போச்சு, அப்பளம் போச்சு, கருவாடு போயே போச்சு. உப்பு ஜாடி அடுப்பங்கரையை விட்டுப் புடவை அலமாரிக்குக் குடிபோய், சாவி அவள் இடுப்புக்குப் போனது. பெற்றவர்கள் தெரிந்துதான் அவளுக்கு ஆரோக்கியம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அவரை அறுத்தது இன்னொன்று. அவள் தனக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்ளவில்லை. "நீங்க துன்னாதது எனக்கு மட்டும் எப்படி எறங்கும்?" என்று சொல்லி அவளும் அதே சப்பைக் குழம்பைத்தான் சாப்பிட்டாள். பிள்ளைச்சாவடியில் கடலைப் பார்த்துப் பிறந்தவள், கருவாடு என்றால் உயிரை விடுகிறவள், புருஷனுக்காக நாக்கைக் கட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தாள். நினைக்கும்போதெல்லாம் சவரிராயனுக்கு நெஞ்சை அடைத்தது. இப்படிப்பட்டவளுக்குத் துரோகம் செய்யலாமா என்று இரண்டு நாள் தன்னையே கேட்டுக்கொண்டார். கூடாது என்றுதான் மனசு சொன்னது. நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

வழி புதன்கிழமையில் இருந்தது. புதன்தோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரோக்கியம் கோயிலுக்கு, சகாய மாதா நவநாள் செபத்துக்குப் போவாள். துணைக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் மெரின். திரும்ப ஏழு மணி ஆகும். வரும்போது முகத்தில் ஒரு நிறைவு இருக்கும், கையில் எலுமிச்சம்பழ வாசனை அடிக்கும். பீடத்து மெழுகுவத்தித் தண்டுகளை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று சொல்லியிருந்தாள். உப்பையும் விட்டு, உடம்பையும் வருத்தி, சாமி காரியம் வேறு செய்கிறாளே என்று அவர் அந்தக் கையை மரியாதையோடு பார்ப்பார்.

ஆக ஐந்திலிருந்து ஏழு வரை வீடு அவருடையது. தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவரும் மணியம்மாளிடம் ஆறு மணிக்கு ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாடு சொல்லிவைத்தார். ஒரே ஒரு ஆபத்து. ஒரு புதன்கிழமை மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தவள்தான் ஆரோக்கியம். அதற்குத்தான் இந்தக் கண். தெருமுனைப் பால் பூத்தில் அவள் தலை தெரிந்ததும் போன் கத்தும். மூட்டு வலியோடு அவள் வாசலுக்கு வர ஒன்றரை நிமிஷம். அடுப்பை அணைத்து, சட்டியை மொட்டை மாடியில் ஒளித்து, சாம்பிராணி போட அது போதும். வெறும் சட்டியை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். ஒரு நிமிஷம் பத்து விநாடியில் முடிந்தது.

எல்லாம் சரி, மணி வைஃபையில் ஏற மாட்டேன் என்றது.

ஸ்டூல் போட்டு ஏறி, திருகாணி முடுக்கி, போனில் அதற்கான ஆப்பை இறக்கி, பாஸ்வேர்டைத் தட்டினார். சிவப்பு விளக்கு மின்னியது, இணைக்க முடியவில்லை என்று வந்தது. பதினோரு தடவை அப்படியே வந்தது. வைஃபைப் பெட்டியை ஜன்னலுக்கு மாற்றினார், ஃபிரிட்ஜ் தலையில் வைத்தார், கடைசியாக இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழேயே வைத்துப் பார்த்தார். ஆண்டவரும் கை கொடுக்கவில்லை. திங்கள் போய்ச் செவ்வாயும் வந்துவிட்டது. நாளைக்குப் புதன்.

பாரீசில் இருக்கும் மகன் கிளாட்வினுக்குப் போன் போட்டார். அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு வைஃபை வருகிறது என்று அவன் பொறுமையாக விளக்கினான். ஒன்று வேகமானது, கிட்டத்தில்தான் கிடைக்கும். இன்னொன்று மெதுவானது, தூரத்துக்கும் எட்டும். இந்த மணிக்கு மெதுவானதுதான் பிடிக்கும். அப்பாவின் போன் புதுசு, வேகமானதிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் ஒன்றையொன்று பார்க்க மாட்டேன் என்கிறது. தன் போன் வேகமானது என்பதில் சவரிராயனுக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் பெருமையை வைத்துக் கருவாடு வறுக்க முடியாது.

அடுப்பங்கரையிலிருந்து ஆரோக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"என் போன்ல போட்டுப் பாருங்களேன். இங்க எனக்கு எப்பவும் அந்த மெதுவானதுதான் வருது."

போட்டார். அவள் போனில் ஐந்தே நிமிஷத்தில் மணி நீல விளக்கைக் காட்டியது, அவர் போனும் அதில் சேர்ந்துகொண்டது. நடுவில் போன் என்னென்னவோ கேட்டது, அவரும் சரி, சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. சவரிராயன் முப்பது வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். யார் பேரில் இருக்கிறது என்று பார்க்காமல் எதிலும் கை வைக்காதே என்று ஊருக்கே பாடம் நடத்தியவர். தம்பி வந்து நின்றாலும் மச்சான் வந்து நின்றாலும், "உரிமையாளரக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பியவர். அப்படிப்பட்டவர் மனசெல்லாம் வஞ்சிரமாக இருந்ததால் திரையில் வந்ததைப் படிக்காமல் விட்டார். உரிமையாளர் ஆரோக்கியம், உறுப்பினர் சவரிராயன் என்று அது எழுதிக் காட்டி, சரியா என்று கேட்டிருந்தது.

ஒன்று மட்டும் உறைத்தது. மணி கத்தினால் இரண்டு போனிலும் கத்தும். ஆனால் கோயிலுக்குள் அவள் போனை அணைத்துவிடுவாள். அந்த விஷயத்தில் அவள் ரொம்ப பயபக்தி. சவரிராயன் நிம்மதியாக அன்றைக்குச் சப்பைக் குழம்பைக் கடைசித் தடவையாகச் சாப்பிட்டார்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு ஆரோக்கியம் செபப் புத்தகமும் குடையுமாகக் கிளம்பினாள். அவர் போனில் அவள் முதுகு பால் பூத் வரைக்கும் சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். பாவம், என்னை நம்பித்தானே போகிறாள் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் சட்டியை எடுத்துக் கழுவி வைத்தார்.

சரியாக ஆறு மணிக்கு மணியம்மாள் வந்தாள். கூடையை வாசல்படியில் இறக்கி, காகிதப் பொட்டலத்தைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினாள். நாலு மாதம் கழித்து அந்த வாடை ஏறியதும் சவரிராயன் கண்ணை மூடிக்கொண்டார். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்துக்குக் கையை நீட்டினார்.

தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது. நீல விளக்கு எரிந்தது.

"மணியம்மா, நல்லா இருக்கீங்களா?"

மணியம்மாள் வீட்டுக்குள் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், கடைசியில் மணியைப் பார்த்துக் கும்பிடு போட்டாள். "நல்லா இருக்கேங்கா. நீங்க எங்க இருந்து பேசறீங்க?"

அடுத்த கேள்வி சவரிராயனுக்கு. "இன்னாங்க, கைய நீட்டிக்கிட்டு நிக்கறீங்க?" என்றது மணி.

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று சவரிராயனுக்குத் தெரியவில்லை. கருவாடு நல்லதா என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீ நவநாள்ல போன அணைக்கலியா, ஆரோக்கியம்?"

"நவநாள் அப்பவே முடிஞ்சிடுச்சி. அது எப்பவும் அரை மணிநேரந்தான்."

முப்பது வருஷம் கணக்காக வேலை பார்த்த மூளை. ஐந்தரைக்கு முடிந்தால் ஏழு வரைக்கும் ஒன்றரை மணிநேரம் எங்கே போகிறது என்று அது தானாகவே கேட்டது. மணிக்குள்ளிருந்து பேச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. காய்ந்த எண்ணெயில் எதையோ போட்டால் வரும் சத்தம். யாரோ சிரிப்பதும் கேட்டது. மெரின் சிரிப்பு.

"இப்ப எங்க இருக்க?"

"மெரின் வூட்டுலதான். கோயில்லேருந்து பின்சந்து வழியா வந்துடுவோம். புதன்கெழம புதன்கெழம இங்கதான் இருக்கேன்." அவள் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "உங்களுக்கு சொரக்கா கூட்டு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். சூடு பண்ணி சாப்புடுங்க. மாத்திரைய மறக்காதீங்க. எனக்கு நீங்க வேணும்."

கடைசி வார்த்தையை அவள் மனசாரத்தான் சொன்னாள். அதனால் கோபப்படக்கூட அவருக்கு வழியில்லை.

"மணியம்மா, அந்தப் பொட்டலத்த இங்க எடுத்தாங்க. மெரின் வாங்கி வெச்சது நாலு துண்டுதான், பத்தல."

"இதோ வரேங்கா. காசு சார் குடுத்துட்டாரு."

"சந்தோஷம். வர வழியில ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்கங்க. கையில வாடை நிக்கும்."

மணியம்மாள் பொட்டலத்தை மடித்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, வரேன் சார் என்று கிளம்பினாள். நாலு வீடு தள்ளி அவள் படியேறுவது வரைக்கும் சவரிராயன் வாசலிலேயே நின்றார். நாலு மாதமாக அந்த மெழுகுவத்தித் தண்டுகளை நினைத்து அடைத்த நெஞ்சு அவருக்கு இப்போது அடைக்கவில்லை. வயிறுதான் எரிந்தது.

உள்ளே போய்ச் சுரைக்காய்க் கூட்டைப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் எடுத்தார். இந்த மணியை முதல் வேலையாக வீட்டிலிருந்து நீக்கிவிடுவது என்று முடிவு செய்தார். நீக்கு என்ற இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினார். இந்தத் தடவை திரையில் வந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

உரிமையாளரை அழைத்து வரவும் என்று போட்டிருந்தது.