கவிழ்த்துக் கட்டிய மங்கு

"அண்ணே, சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கட்டுரை வரலேன்னா ஞாயித்துக்கெழம உங்க எடத்துல பல் செட்டு விளம்பரம்தான்," என்றார் பத்திரிகை ஆசிரியர் தர்மா, தொலைபேசியில். "வீட்டுல குந்திக்கிட்டே இல்லாத வழக்கத்தையெல்லாம் எழுதுறாருன்னு ஆளுங்க கம்ப்ளெய்ன் பண்றாங்க. இந்தவாட்டி படம் வேணும். சனங்க வாயால சொன்னதும் வேணும்."

கார்த்திகேசு ஞாயிறு பேப்பரில் பத்தி எழுதுபவர். பதினொரு வருடமாக 'இந்த வாரம் கண்டது' எழுதுகிறார். சரக்குத் தீர்ந்த வாரங்களில் கொஞ்சம் கட்டிவிட்டதும் உண்டுதான். ஆனால் மனைவி போன பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை அச்சில் வரும் அந்தப் பெயர் மட்டுமே. அதுவும் போய்விட்டால் திங்கட்கிழமை எதற்காக எழுந்திருப்பது?

வாரம் முழுக்க ஈப்போவைச் சல்லடை போட்டுச் சலித்தாயிற்று. புந்தோங்கில் ஒரு மண்ணும் அகப்படவில்லை. கடைசி முயற்சியாக மோட்டாரை முடுக்கி, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போனார்.

அங்கே வேப்பமரக் கிளைகளில், ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் மங்குகள் முப்பது நாற்பது தலைகீழாகத் தொங்கின. கார்த்திகேசு மோட்டாரை அணைக்கக்கூட மறந்து இறங்கினார்.

"இது என்னம்மா?" என்று மரத்தடிக் கூட்டத்தில் மகளோடு நின்ற பெண்ணிடம் கேட்டார். அவள் பெயர் விமலா.

"வெளியூருக்கு வேலைக்குப் போறவங்க கட்டுறதுங்க. இனிமே பால்மரம் வெட்டத் திரும்பி வரமாட்டோம்னு அர்த்தம். எம் மவ சரளா திங்கக்கெழம சிங்கப்பூரு போவுது. காலையிலதான் கட்டுனோம்."

"எப்பலேருந்து இந்த வழக்கம்?"

"அது அந்தக் காலத்துலேருந்து இருக்குலா."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நிஜமான வழக்கம்! நிஜமான சனங்கள்! படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினார். முன்னால் தொங்கிய மங்கு கோணலாக இருந்தது. கையிலிருந்த குடைக் கம்பால் லேசாகத் திருப்பினார். கயிறு நழுவியது. மங்கு சிமெண்டுத் தரையில் விழுந்து சுக்குநூறானது.

அது சரளாவுடையது.

"ஐயோ, போச்சே! இனி போற வேலை வெளங்குமா?" என்று விமலா தலையில் அடித்துக்கொண்டாள். சரளா விசும்ப ஆரம்பித்தாள்.

கார்த்திகேசு குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பதினொரு வருடப் பழக்கம், வாய் தானாகவே பேசியது.

"அழாதீங்கம்மா. உடைஞ்சதுதான் நல்லது. பழைய வழக்கமே கட்டிட்டு உடைக்கிறதுதான். உடைக்காம விட்டா போன ஆளு திரும்பி வந்துருவாங்க."

பின்னால் நின்ற ஒரு பெண்மணி நெஞ்சில் கை வைத்தாள். "அதான் எம்மவன் மூணே மாசத்துல திரும்பி வந்துட்டானா!"

அவள் ஒரு கழியை எடுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் எடுத்தார்கள். மரத்தடியில் மங்குகள் சடசடவென்று உதிர்ந்தன.

"எல்லாத்தையும் இல்லம்மா!" என்று கார்த்திகேசு கதறினார். "ஆம்பளைங்க கட்டுனத மட்டும்தான்!"

அவ்வளவுதான். எது ஆண்பிள்ளையுடையது, எது பெண்பிள்ளையுடையது என்று அடிதடி தொடங்கியது. "என் மவளோடத நீ ஏன் உடைச்ச?" என்று இரண்டு பேர் கொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கோயில் தலைவர் ஜெயபாலன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாருய்யா நீ?"

"பேப்பர்லேருந்து வாரேன்."

"உடைக்கணும்னு எவன் சொன்னது? ஆதாரம் இருக்கா? எங்ககிட்ட இருக்கு. புஷ்பக்கா, அந்தக் காகிதத்த எடுத்துட்டு வாங்க!"

கோயில் சாவியை வைத்திருக்கும் புஷ்பலதா, பிளாஸ்டிக் உறை போட்டு மஞ்சள் குங்குமம் வைத்த ஒரு தாளைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பத்திரமாக எடுத்து வந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டி, விரல் வைத்து முழுதும் படித்தாள்.

"கட்டணும்னுதான் போட்டிருக்கு. உடைக்கச் சொல்லல."

"என்ன காகிதம்மா அது?" கார்த்திகேசு கைப்பேசியை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"ஆறு வருசத்துக்கு முந்தி பேப்பர்ல கார்த்திகேசுன்னு ஒருத்தரு எழுதுனது, இதப் படிச்சித்தான் நாங்க மங்கு கட்டவே ஆரம்பிச்சோம், அவருகிட்டயே கேட்டுக்கலாம்னா மனுசன் எப்பவோ செத்துட்டாரு போல, இப்பல்லாம் அவரு பேர்ல வேற யாரோதான் எழுதுறாங்க."